நல்லெண்ணெயில் தீட்டிய தோட்டம்

நடந்தவை:

1. வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டு அக்கா, கொட்டாஞ்சேனைக்கு எண்ணெய் ஓவியம் பழகப் போனார். துணைக்கு நானும் போனேன்.
2. அவர் ஒரே ஒரு படம்தான் தீட்டினார். யாழ்ப்பாணத்தில் தமையன் செய்யும் தோட்டத்தை, தமையன் குடும்பத்தோடு.
3. அந்தப் படம் காயவில்லை.
4. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட பிறகு, அக்காவின் ஒரே பிள்ளையைத் தமையன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.
5. இருபது மாதம் கழித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அக்கா என்னை அனுப்பினார்.
6. நான் தனியாகத் திரும்பி வந்தேன்.
7. படம் காய்ந்தது.

இவ்வளவுதான். வரிசையாக எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அக்கா அரைப் பக்கத்து ஆள் இல்லை.

அவர் எனக்கு உறவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். மருதானையில் இரண்டு வருடம் படம் வரையப் படித்து முடித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, என் தகப்பனார் விசாரித்துக் கொண்டுவந்து விட்ட வீடு அது. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முதல் வீடு. ரயில் போனால் குசினியில் கரண்டி ஆடும். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம். நடக்கும்போது இரண்டு கையையும் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு, இறக்கிவைக்க இடம் தேடுபவர் போல நடப்பார்.

அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. "இப்ப எப்பிடி?"

யார் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அதை அந்தக் கேள்வியால் வெட்டிவிடுவார். அவருடைய கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், கோட்டையில் தேயிலை ஏற்றுமதி செய்யும் கம்பனியில் கிளாக்கர். தன் பழைய தலைமைக் கிளாக்கர் ஒருவர் பத்து வருடத்துக்கு முன் கதிரையால் விழுந்த கதையை அவர் ரசித்துச் சொல்லிக்கொண்டு வருவார். விழும் கட்டம் வருமுன்பே அக்கா, "அந்தாள் இப்ப எங்கை?" என்பார். அத்தான் கதையைக் கைவிட்டு, "செத்துப் போனார்" என்பார். "அப்ப ஏன் கதைக்கிறியள்?" என்று அக்கா எழும்பிப் போவார்.

நேற்றைய பேப்பர் அந்த வீட்டில் இருக்காது. நாட்காட்டியில் தாள் கிழிக்காமல் தேநீர் வைக்க மாட்டார். மழைக்காலத்தில் நான் கந்தோரால் வந்து நனைந்த குடையை விரிக்கும்போதே, "தெகிவளைப் பக்கம் இப்பவும் பெய்யுதோ?" என்று கேட்பார். நான் தெகிவளைக்குப் போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

படம் பழகும் யோசனை எப்படி வந்தது என்று ஒருபோதும் அவர் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் பறங்கி அம்மையார் ஒருவர் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு எண்ணெய் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீர் கோடு கீறத் தெரிஞ்சனீர். வாரும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, ட்ராமில் பாதி வழி, மிச்சம் நடை.

அந்த வருடத்துப் பாடம் குடும்பமும் பண்ணையும். சுவரில் சீமையிலிருந்து வந்த அச்சுப் படங்கள் குத்தியிருந்தன. வைக்கோல் போர். கொழுத்த மாடு. தலையில் துணித்தொப்பி கட்டிய தாய் வாத்துகளுக்குத் தீன் போடுகிறாள். கன்னம் சிவந்த பிள்ளைகள் வேலியில் இருக்கிறார்கள். ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு படத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினோம். எனக்கு வைக்கோல் போர் கிடைத்தது. கட்டம் போட்டு அளந்து, இரண்டு சனிக்கிழமையில் முடித்தேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "நல்லா அளந்திருக்கீங்க மகள்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இருக்கவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

அக்காவுக்கு மாடு. மூன்றாம் சனிக்கிழமை ஆசிரியை அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இந்த மாட்டு முதுகுல எதுக்கு மலை வச்சிருக்கீங்க?"

"மலை இல்லை ரீச்சர். திமில்."

"இந்தப் படத்துல இல்லையே?"

"அந்த மாட்டை எனக்குத் தெரியாது."

மண்டபமே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். பிறகு சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்து, அதைக் கழற்றிக் கொண்டுபோய் வேறு ஒருவருக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அக்கா தன்பாட்டில் தோட்டத்தை எழுதினார்.

படம் எழுதுகிற துணி கிடைக்காத காலம். அத்தான் கந்தோரில் உடைந்துபோன தேயிலைப் பெட்டி ஒன்றின் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை பூசி, அக்கா கீறத் தொடங்கினார். நடுவில் கிணறு, துலா. இடப்பக்கம் வெங்காயப் பாத்தி. வலப்பக்கம் புகையிலை, அதற்குப் பின்னால் பனை நான்கு. மண்வெட்டியோடு தமையன். குசினி வாசலில் தமையன் பெண்சாதி. அக்காவுக்கு அவர் மச்சாள். ஒரு சோடி எருது, ஒரு வெள்ளைப் பசு, ஆடுகள், நாய்.

எண்ணெய் விஷயம் இப்படி. உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து நிறத்தைக் குழைக்கிற லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், தட்டுப்பாடு. ஆசிரியை ஆளுக்கொரு மருந்துப் போத்திலில் ஊற்றித் தந்து, ஒரு மாதத்துக்குக் காணும் என்றார். அக்காவுக்கு ஒரு கிழமைக்குத்தான் கண்டது. எண்ணெய் ஓவியம் என்றால் எண்ணெய் வேண்டும். எண்ணெய்களில் உயர்ந்தது எது? குசினிக்குள் போய் நல்லெண்ணெய்ப் போத்திலை எடுத்து வந்தார். தமையன் வீட்டு எள், செக்கில் ஆட்டியது.

இரண்டு கிழமை கழித்துத்தான் எனக்குத் தெரியும். வெங்காயப் பாத்தியில் விரலை வைத்தேன். விரல் பச்சையாக வந்தது.

"அக்கா, லின்சீட் காத்துப் பட்டால் தோல் மாதிரி இறுகிவிடும். நல்லெண்ணெய் அப்பிடி இறுகாது."

"எப்பவுமோ?"

"எப்பவும் எண்டுதான் வையுங்கோ."

அவர் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். "ஓம். தலைக்கு வைக்கிற எண்ணெய் காய்ஞ்சு இறுகினால் ஆர் வைப்பினம்?" பிறகு, "அப்ப எப்ப வேணுமெண்டாலும் வழிச்சு எடுக்கலாம்?"

"எடுக்கலாம்."

"நல்லதாப் போச்சு."

தூசி ஒட்டாமலும் எறும்பு வராமலும் இருக்க, பலகையை வலை அடித்த சாப்பாட்டு அலுமாரிக்குள் வைத்தார். அலுமாரியின் நான்கு காலும் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிகளில் நின்றன. அத்தான் சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: "தோட்டம் அலுமாரிக்குள்ளை. சோறு வெளியிலை. தோசைக்கு எண்ணெய் கேட்டால் மாட்டுக்குப் போதாதாம்."

தமையனின் கடிதம் கிழமைக்கு ஒன்று வரும். அவரும் என்னைப் போல வரிசைப்படுத்தி எழுதுகிறவர். வெள்ளைப் பசு பெண் கன்று போட்டது, நாகு. கிணற்றடி வாழை இரண்டு காற்றுக்கு விழுந்தது. அக்கா கடிதத்தை நின்றபடி வாசித்து மடித்து இடுப்பில் செருகுவார். நேரே அலுமாரிக்குப் போவார். நிறம் குழைக்கும் மெல்லிய கத்தியால் வாழை இரண்டையும் வழித்து எடுப்பார். அந்த இடத்தில் மண் நிறம் வைப்பார். பசுவுக்குக் கீழே கன்று வரும். அடுத்த மாதம் கன்று கொஞ்சம் பெரிதாகும். வெங்காயம் பிடுங்கியாயிற்று என்று எழுதினால் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாத்தி பச்சையிலிருந்து செம்மண்ணுக்கு மாறும். எங்களுக்குப் பகல் சாப்பாடு மூன்று மணிக்கு.

"இண்டைக்கு ஆர் செத்தது?" என்று அத்தான் விறாந்தையிலிருந்து கேட்பார்.

"ஒருத்தரும் சாகேல்லை. வேலி மாத்தினவையாம்."

"கதியாலோ, கிடுகோ?"

"கிடுகு. ஓலை ஓலையாக் கீற வேணும்."

"அப்ப இரவைக்குப் பாண்தான்."

ஆசிரியைக்கு அந்தப் படத்தில் பிரியம் இருந்தது. கோயில் திருநாளுக்கு மண்டபத்தில் எங்கள் படங்களை மாட்டியபோது அக்காவின் பலகையை நடுவில் வைத்தார். ஈரம் என்பதால் முன்னால் ஒரு கயிறு கட்டினார். மூன்று நாள் காட்சி. இரண்டாம் நாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போய், சனத்தை விலக்கி, கயிற்றைத் தாண்டி, பலகையைக் கழற்றினார்.

"ஐயோ, என்ன செய்றீங்க!" ஆசிரியை ஓடி வந்தார்.

"ஒரு கிடாய் வித்துப் போட்டினம் ரீச்சர். காலமை கடிதம் வந்தது."

"நாளைக்குப் பின்னேரம் எடுக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"இவ்வளவு சனம் பாக்குது. இல்லாத கிடாயைப் பாக்குது."

மண்டபத்து வாங்கு ஒன்றில் உட்கார்ந்து கிடாயை வழித்துவிட்டுத் திரும்ப மாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கிடாய் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தார்.

குண்டு விழுந்தது ஒரு ஞாயிறு காலை. அக்காவின் மகள், அந்த வீட்டின் ஒரே பிள்ளை, சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தாள். சத்தம் ஓயும் ஒவ்வொரு தரமும் கீழேயிருந்து, "அம்மா, இப்ப எப்பிடி?" என்று கேட்டாள். அக்கா ஒவ்வொரு தரமும் பதில் சொன்னார்.

அடுத்த கிழமை தமையனே வந்து பிள்ளையைக் கூட்டிப் போனார். வெள்ளவத்தையில் பாதி வீடுகள் அப்படித்தான் பிள்ளைகளை அனுப்பின. மூன்று நான்கு மாதத்துக்கு என்று பேச்சு. தமையனுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளுக்குப் பிறந்த இரண்டும் பிறந்த உடனேயே தவறியிருந்தன. "நல்லாப் பாப்பா" என்று அக்கா சொன்னார். அதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் கடிதத்தில் இருந்தது: பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தது. வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தது. இப்போது கிணற்றடியில் ஆட்டுக்குக் குழை போடுகிறது.

அன்றே கிணற்றடியில் பிள்ளை வந்தாள். கையில் குழை. பக்கத்தில் ஒரு குட்டி.

ஆனால் உயரம் அக்காவுக்குத் திருப்தியில்லை. மூன்று நாள் வழித்து வழித்து எழுதினார். பிறகு என்னிடம் வந்தார். "தங்கச்சி, கந்தோரிலை நீங்கள் ஒரு மைல் றோட்டை ஒரு தாளிலை எப்பிடிக் கொண்டு வாறனீங்கள்?" நான் அளவுத்திட்டம் என்றால் என்ன என்று சொன்னேன். படத்தில் தமையனை அளந்தேன், நான்கு அங்குலம். தமையனின் உயரம் ஐந்து அடி நான்கு அங்குலம் என்று அக்கா சொன்னார். பதினாறுக்கு ஒன்று. பிள்ளை ஓர் அங்குலம் வளர்ந்தால் பலகையில் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கடிதத்துக்குள் ஒரு நூல் வரும். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, குதியிலிருந்து உச்சிவரை பிடித்து வெட்டிய நூல். நான் மேசையில் அதை விரித்து அளப்பேன். அக்கா மேசை விளிம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார்.

"மூண்டு அடி ஆறு."

"இழுத்துப் பிடிச்சனீரோ?"

"இல்லை."

"வழியிலை ஈரம் பட்டு நூல் சுருங்கியிருக்குமோ?"

அடுத்த முறை மெழுகு பூசிய நூலில் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு அனுப்பும்படி எழுதச் சொன்னேன். அனுப்பினார்கள். அக்கா பிள்ளையின் தலையை வழித்து எடுத்து, வீசம் அங்குலம் மேலே திரும்ப வைப்பார். முகம் போய்த் திரும்ப வரும். சில நாட்களில் பின்னேரமாகிவிட்டால் முகம் அடுத்த நாள்தான் வரும். அத்தான் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். "எனக்கு என்ரை பிள்ளை வளருறது சாப்பாட்டு அலுமாரிக்குள்ளைதான் தெரியுது" என்றார் ஒருநாள். பகிடியாகத்தான் தொடங்கினார்.

நான்கு மாதம் எட்டு மாதமானது. ரயிலில் இடமில்லை என்றார்கள். பிறகு அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் எடுக்க வேண்டாம் என்றார்கள். பிறகு கொழும்பில் அரிசி இல்லை. ஒவ்வொன்றும் உண்மை. கடிதங்களில் பிள்ளை கிணற்றடியில் நிற்பது குறைந்தது. பிள்ளை மச்சாளோடு கோயிலுக்குப் போனது. பிள்ளை மச்சாளோடு படுக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மச்சாள் மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது இருவருக்கும் சுகம். அக்கா நின்றபடி வாசித்து இடுப்பில் செருகினார். கிடுகு வேலிக்கு ஒரு நாள் முழுவதும் செலவழித்தவர், பிள்ளையை மட்டும் கிணற்றடியை விட்டு நகர்த்தவில்லை. அவள் குழையோடு அங்கேயே நின்று வளர்ந்தாள். நான் கவனித்தேன். கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் மார்கழியில் அக்கா முடிவெடுத்தார். வெள்ளவத்தையில் பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடந்தன. குண்டு பயம் போய்விட்டது. தைக்கு முன் பிள்ளை இங்கே நிற்க வேண்டும். அவரே போவதாக இருந்தது. அத்தானுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து படுத்தார். நான் எப்படியும் லீவில் ஊருக்குப் போகிறேன்.

"நீர் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். "அழுவாள். அழட்டும். கூட்டிக்கொண்டு வாரும்."

"ஓம் அக்கா."

புதுப் பாய் வாங்கினார். தலையணை தைத்தார். என் கண் முன்னால் தைத்து முடித்தார்.

தமையனின் தோட்டத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. படலையைத் திறந்து உள்ளே போனபோது, பிரதியை மூலத்தோடு வைத்துச் சரிபார்ப்பது போல இருந்தது. துலா சரி. பனை நான்கு சரி. நாகு, கிடுகு வேலி, மிளகாய்க் கன்று மூன்று வரி, எல்லாம் சரி. பிள்ளை கிணற்றடியில் இல்லை. குசினி வாசலில் மச்சாளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மச்சாள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எதையும் ஒளிக்கவில்லை. தகரப் பெட்டி அடுக்கி வாசலில் இருந்தது. "புதுச் சட்டை மூண்டு தைச்சு வைச்சிருக்கிறன் தங்கச்சி. ரெயினிலை பசிக்கும், பயத்தம் உருண்டை கட்டியிருக்கிறன். இரவிலை இருமினால் கசாயம் குடுக்கச் சொல்லுங்கோ." பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் குந்தி இருந்து கேட்டேன். "என்ன பிள்ளை, அம்மாட்டைப் போவமே?"

"அம்மா இஞ்சைதானே இருக்கிறா."

"மாமி எண்டு சொல்லு எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்," என்றார் மச்சாள்.

"கொழும்பிலை குண்டு போடுவாங்கள்."

"இப்ப போடுறேல்லை" என்றேன்.

"ஆடு வருமோ?"

"ரெயினிலை ஆடு ஏத்த மாட்டினம்."

"அம்மா வருவாவோ?"

அவள் எழும்பி மச்சாளின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

தமையன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்தார். "தங்கச்சி, பிள்ளை என்ரை தங்கச்சியின்ரை. அதிலை கதை இல்லை. நான் தூக்கி ரெயினிலை ஏத்தி விடுறன். ஒரு நாள் அழுவாள், ரெண்டாம் நாள் சரி. நீர் ஓம் எண்டால் இப்பவே வண்டில் கட்டுறன்."

நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். கூட்டிப் போக ஆறு காரணம் எழுதினேன். முதலாவது, தாய் கேட்டது. விட்டுப் போக ஒன்று எழுதினேன்: இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கிறாள். அது காரணமா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்டதை எழுதியிருந்தேன்.

"தூக்க வேண்டாம்" என்றேன்.

மச்சாள் உள்ளே போனார். பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. நான் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, மெழுகு நூல் வாங்கி, நானே அளந்தேன். மூன்று அடி ஒன்பது அங்குலம். அவள் அசையாமல் நின்றாள். அளப்பது அவளுக்குப் பழக்கம்.

வெள்ளவத்தை நிலையத்தில் அக்கா நின்றார். நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். ரயில் போகும்வரை அதையே பார்த்தார்.

"வரேல்லை அக்கா."

வீட்டுக்கு வந்தோம். அத்தான் சாய்மனைக் கதிரையில் எலும்பாக இருந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா அலுமாரியைத் திறந்து பலகையை வெளியே எடுத்தார். கத்தியை எடுத்தார்.

"இப்ப எப்பிடி? சொல்லும். எங்கை நிக்கிறாள்?"

"குசினி வாசலிலை. மச்சாளோடை."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். இடுப்போடை."

"கை?"

"சேலைத் தலைப்பிலை. ரெண்டு கையும்."

"என்ன சட்டை?"

"நீலம். சின்னப் பூ."

"மச்சாளை என்னெண்டு கூப்பிடுறாள்?"

அதைச் சொல்வதில்லை என்று ரயிலில் தீர்மானித்திருந்தேன். படத்தில் எழுத முடியாத ஒன்றை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா எண்டு."

அக்கா கத்தியை வைத்தார். "அண்ணை தூக்கித் தாறன் எண்டவரோ?"

"ஓம்."

"நீர் வேண்டாம் எண்டனீரோ?"

"ஓம்."

"நான் எழும்பி நடக்கத் தொடங்கினதும் போய்க் கூட்டி வாறன்," என்றார் அத்தான். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"போகாதேங்கோ" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "மத்தியானத்துக்குக் கீரை காணுமே, முட்டையும் பொரிக்கட்டோ?" என்று கேட்டார். கீரை காணும் என்றேன்.

நான்காம் நாள் சொன்னார்: "தச்சு வேலைக்காரர் கதவுக்குப் பூசிற அந்த எண்ணெய் எங்கையாவது எடுக்கலாமோ? காயிற எண்ணெய்."

கொட்டாஞ்சேனையில் ஒரு தளபாடக் கடையில் லின்சீட் அரைப் போத்தில் கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா பலகை முழுவதையும் வழித்தார். கிணறு, பனை, எருது, தமையன், எல்லாம். வழித்தது ஒரு பால்மாப் பேணி நிறைய வந்தது. எல்லா நிறமும் சேர்ந்து சேற்று நிறம். பிறகு லின்சீட்டில் குழைத்து அதே தோட்டத்தைத் திரும்ப எழுதினார். பன்னிரண்டு நாள். வாசலில் மச்சாள், இடப்பக்கம் பிள்ளை. அளவு நான் சொன்னேன்: இரண்டு அங்குலமும் பதின்மூன்று வீசமும். நீலச் சட்டையில் பூவும் வைத்தார்.

"பலகை ரெண்டு வருஷம் நல்லெண்ணெய் குடிச்சிருக்கு அக்கா," என்றேன். "இது மேலை காயும். ஆனால் பிடிக்காது. ஒரு நாளைக்கு உரியும்."

"எத்தினை வருஷத்திலை?"

"நாலைஞ்சு."

"அதுக்குள்ளை அவள் பெரிய பிள்ளையாயிடுவாள்," என்றார். "காணும்."

மாசியில் காய்ந்தது. நகத்தால் அமத்திப் பார்த்தார். நகம் பதியவில்லை. சாக்கில் சுற்றி, ஊருக்குப் போகும் ஒருவரிடம் தமையனுக்குக் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு கடிதம் வைத்தார். பிள்ளை உங்களோடேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்ததாக அத்தான் பிறகு சொன்னார். நான் வாசிக்கவில்லை. அந்த மாதத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போவதையும் நிறுத்தினோம். கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா இருந்து வாசித்தார். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "இப்ப எப்பிடி" என்று அவர் யாரையும் கேட்டு நான் பிறகு கேட்கவில்லை.

என்னை அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் நான் பம்பலப்பிட்டிக்கு அறை மாறினேன். கந்தோருக்குக் கிட்ட என்று காரணம் சொன்னேன்.

இப்போது இருக்கிற நிலை: சண்டை முடிந்து இரண்டு வருடம். பிள்ளைக்குப் பத்து வயது. தமையன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கில் கெட்டி. அக்காவும் அத்தானும் வெள்ளவத்தையில் அதே வீட்டில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு தரம், ஓகஸ்ட் லீவுக்கு, அக்கா அங்கே போய் ஒரு கிழமை நிற்கிறார். சென்ற முறை நானும் ஊரில் நின்றபடியால் போய்ப் பார்த்தேன். பிள்ளை அவரோடு நன்றாகக் கதைக்கிறாள், தலை பின்னவும் விடுகிறாள். கொழும்பம்மா என்று கூப்பிடுகிறாள். அக்கா, "ஓம்" என்கிறார்.